முழங்கைக் காய்ப்பு

நாற்பத்திரண்டு வயதில் ஓர் ஆண்பிள்ளையாகிக் காட்டுவது என்று பாக்கியரத்தினம் தீர்மானித்தார். காரணம் அலுமாரி. அவர் மூச்சுப்பிடித்துத் தள்ளியும் அசையாத அலுமாரியைப் பக்கத்து வீட்டு கலீலுர் றஹ்மான் ஒற்றைத் தோளால் நகர்த்திவிட்டார். "ஆம்பிளையெண்டா இப்பிடி இருக்கோணும்," என்று சொல்லி மனைவி புஸ்பராணி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். புருசனுக்கு வெறும் பார்வைதான்.

மறுநாள் தொடக்கம் குசினிச் சீமெந்துத் தரையில் தண்டால். திருகோணமலை முழுக்கச் செல் குண்டு விழும் சத்தத்துக்குப் பயந்து குப்புறக் கிடக்க, இவர் நெஞ்சை அகலமாக்கக் குப்புறக் கிடந்தார். பாதியில் கை சோர்ந்துவிடும். முழங்கையிலும் முழங்காலிலும் விழுவார். நெஞ்சு அப்படியே இருந்தது. முழங்கைதான் உரிந்து காய்த்தது.

"இஞ்சருங்கோ, உதை விடுங்கோ. முழங்கை காய்ச்சிருந்தா இயக்கத்தில பயிற்சி எடுத்தவன் எண்டு ஆமி பிடிப்பான்."

"பொறாமையில கதைக்காதையும்."

மூதூரில் ஒரு செத்தவீடு. லோஞ்சுப் படகுக்கு இருவரும் போகும் வழியில் ஆமிச் சோதனை. முன்னால் நின்ற இரண்டு பேரை ஏற்கனவே மதிலோரம் இருத்தியிருந்தார்கள். அப்படி இருத்தப்பட்டவர்களில் வீடு திரும்பியவர்கள் குறைவு.

"சட்டைக் கை மேல," என்றான் சிப்பாய். முழங்கையைத் தடவிப் பார்த்தான். முகம் மாறியது. "இது என்ன?"

"பயிற்சி... உடற்பயிற்சி..." பாக்கியரத்தினத்தின் வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

சிப்பாய் மதிலைக் காட்டினான். புஸ்பராணி தலையிலடித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"ஐயோ மாத்தையா! பயிற்சியோ? கசிப்பு! ஒவ்வொரு நாளும் கசிப்புக் குடி! றோட்டில விழுந்து விழுந்து காய்ச்சது. தூக்கித் தூக்கி என்ர நாரி முறிஞ்சு போச்சு!"

கண்ணீர் நிசமாகவே கொட்டியது. கசிப்பு என்ற சொல் சிப்பாய்க்கு நன்றாக விளங்கியது. சிரித்தான். "பாவம் அக்கா. கூட்டிப் போங்க."

வரிசையும் சிரித்தது. மதிலோரம் இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கள்ளுக்கூட மோந்து பாராத பாக்கியரத்தினத்துக்கு உயிர் வந்தது, மானம் போனது. "சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டது. இனி என்னை ஆர் மதிப்பினம்?" என்று பல்லைக் கடித்தார்.

அவள் அவர் கையை விடாமல் ஓரக்கண்ணால் சிப்பாயைப் பார்த்தாள்.

"அவன் இன்னும் பாக்கிறான். கொஞ்சம் தள்ளாடி நடவுங்கோ."