பெயர் ஒழுகும் குழாய்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒரே குழாய்த் தண்ணீரைத்தான் குடித்து வந்தன. செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு சுனை. குரங்குகளையும் பறவைகளையும் தவிர வேறு யாராலும் அங்கே ஏற முடியாது. அதனால் சுனையிலிருந்து மூங்கில்களை ஒன்றோடொன்று செருகி, காட்டின் கோடிவரை தண்ணீரைக் கொண்டு வந்திருந்தார்கள். குழாய் முடியும் இடத்தில் ஒரு கல்தொட்டி. தொட்டியை ஒட்டிய புதரில் சோலைச்சி என்ற முயல் தன் குட்டிகளோடு குடியிருந்தாள்.

ஒரு கோடையில் சூறைக்காற்று அடித்தது. மரங்கள் சாய்ந்து குழாய் நொறுங்கியது. தொட்டி காய்ந்தது. சோலைச்சிக்குப் பால் வற்றத் தொடங்கியது. குட்டிகள் தொட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாசியை நக்கிக்கொண்டிருந்தன.

வெளிக்காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட வாங்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் பழைய விதி. ஆனாலும் ஆபத்துக் காலம் அல்லவா? காட்டுச் சபைத் தலைவரான காட்டெருமை கூட்டம் போட்டு, "குழாயைச் சரிசெய்ய வெளியார் கொடுப்பதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம்" என்று தீர்மானம் நிறைவேற்றினார்.

வடகாட்டு யானை நீளமான மூங்கில்களை அனுப்பியது. கீழ்க்காட்டுக் கரடியும் அனுப்பியது. இருவருக்கும் நிபந்தனை ஒன்றுதான். மூங்கிலில் பெயர் இருக்க வேண்டும்.

"அதைச் சொல்லணுமா? கோயில் விளக்கிலேயே பேர் போடுறோம், குழாயில போட மாட்டோமா?" என்றார் தலைவர்.

மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள். அது மூங்கிலைத் தட்டிப் பார்த்தது.

"தலைவரே, மேலாப்பல கீறுறது எனக்கு வராது. நான் கொத்தினா பொத்தல்தான்."

"பேர் அழியாம நிக்கணும். நல்லா ஆழமாவே கொத்து."

'உபயம்' என்று தொடங்கி, யானையின் பட்டம், பாட்டனார் பெயர், பிறந்த காடு எல்லாம் கொத்தப்பட்டன. கரடி சும்மா இருக்குமா? தன் மைத்துனன் பெயரையும் சேர்க்கச் சொன்னது.

திறப்பு விழா நடந்தது. கொடையாளர்களுக்கு வாழையிலையில் பொன்னாடை போர்த்தினார்கள். சுனையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டதும் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் அது பீச்சியடித்தது. கூட்டம் கைதட்டியது. மயில் செல்போனில் படம் எடுத்தது. கோடியில் இருந்த கல்தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. குட்டிகள் அடுத்த சொட்டுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றன.

சோலைச்சி தலைவரிடம் ஓடினாள்.

"தலைவரே, அந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு வச்சு அடைச்சா தண்ணி கீழ வந்துரும்."

"கொடுத்தவங்க பேரை அடைக்கச் சொல்றியா? அடுத்த புயலுக்கு எவன் கொடுப்பான்?"

"அப்ப அந்த ஒழுகுற தண்ணியையாவது நாங்க குடிச்சுக்கிறோம்."

"அது கொடையாளர் சொந்தபந்தம் குடிக்கிற இடம். பொதுஜனத்துக்குத் தொட்டி இருக்கே."

"தொட்டி காயுது."

"தொட்டி இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"சரி, நானும் ஏதாவது உபயம் கொடுக்கிறேன்."

"நீ உள்ளூர்க்காரி. வெளியார் கொடுத்தா வாங்கலாம்னுதான் தீர்மானம். உன்கிட்ட வாங்கினா விதிமீறல்" என்று சொல்லிவிட்டுக் காட்டெருமை அசைபோடத் தொடங்கினார்.

சோலைச்சி காட்டின் எல்லைக் கல்லை நோக்கி நடந்தாள். அதைத் தாண்டி ஒரே ஒரு குதி குதித்தாள். அங்கே ஒரு பிடி களிமண்ணை அள்ளிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"குழாய் மூட்டுக்குப் பூச களிமண் கொண்டுவந்திருக்கேன்."

அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் தலைவர் ஓடிவந்தார்.

"வாங்கம்மா, வாங்க. எந்தக் காடு உங்களுக்கு?"

"இதுக்கு வெளியே இருக்கிற காடு."

"ரொம்ப சந்தோஷம். இங்கே ஒரு முயலம்மா இருக்கா, எப்பப் பாரு குறைதான். உங்களை மாதிரி அவளுக்குக் கொடுக்கிற மனசு வரலையே. பொன்னாடையை எடுத்துட்டு வாங்கடா."

மரங்கொத்தி வந்தது. "எங்கே போடணும்மா?"

"பாறை அடிவாரத்துல, முதல் மூங்கில்ல. யானைக்கு முன்னாடி. உயரத்துல வேண்டாம், என் முழங்கால் அளவுக்குப் போடு."

"பேரு?"

சோலைச்சி தன் பெயரைச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு குட்டியின் பெயரையும், அவசரப்படாமல், முழுசாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே குட்டிகளோடு அடிவாரத்துக்குக் குடிபோனாள். ஒவ்வொரு குட்டியும் அதனதன் பெயருக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது.

கீழே இருந்த யானையின் பெயரில் தண்ணீர் குறைந்தது. கரடியின் மைத்துனன் அடியோடு வறண்டான். கோடியில் இருந்த ஆமையும் முள்ளம்பன்றியும் மான்களும் விஷயம் தெரிந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லுக்கு வெளியே வரிசையில் நின்றன.

வரிசையைப் பார்த்துத் தலைவருக்குக் கண் கலங்கியது.

"உள்ளூர்ல ஒருத்தன் உதவ வரல. வெளியில பாருங்க, எத்தனை நல்ல உள்ளங்கள்."

நீதி: உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் புகார் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே போய் நின்று நன்கொடை கொடுங்கள். பெயரை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள்.