நில்லுய்யா மெஸ்ஸில் பதினோரு மணி

வாடிக்கையாளரை வாசலில் நிற்க வைத்தே பெயர் வாங்கிய ஓட்டல்காரர் இந்தப் பெங்களூரிலேயே ஒருத்தர்தான், எங்கள் ஜோகுபாளையம் நில்லுய்யா. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

பதினோரு மணிக்கு மெஸ்ஸில் சமையல் முடியும். முதல் பந்தி வேலை செய்கிறவர்களுக்கு. சமையல் மாஸ்டரும் பாத்திரம் கழுவும் சல்மாவும் உட்கார, அவரே பரிமாறுவார். கார்ப்பரேஷன் ஆபீசரே வந்தாலும் "நில்லுய்யா, வேல செய்றவங்க சாப்புடட்டும்" என்பார். சாம்பார் வாசனையை முகர்ந்துகொண்டு நாங்கள் வெளியே நிற்போம்.

சல்மா வங்காளதேசத்துக்காரி. கையில் ஒரு காகிதம் கிடையாது. அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்தால் முதலாளி மேலும் கேஸ் என்று போலீஸ் கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போனது. அவளை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார் நில்லுய்யா. யாராவது கேட்டால் சாப்பிட வந்த பெண் என்று சொல்லும்படி அவருக்குத் தெருவே பாடம் நடத்தினோம்.

"சாப்புட வந்தது எதுக்குய்யா பாத்திரம் கழுவுது?"

"காசில்லாம சாப்ட்டுச்சுன்னு சொல்லுங்கண்ணா" என்றேன்.

"என் கடைல காசில்லன்னு யாரயாவது கழுவ உட்டிருக்கேனா?" அதற்கே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒருநாள் சரியாகப் பதினோரு மணிக்கு, முன்பின் தெரியாத இருவர் வந்து சல்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நாங்கள் நடத்திய பாடமெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. பழக்கதோஷம்.

"எந்திரிங்கய்யா. வேல செய்றவங்க சாப்ட்டப்புறந்தான் உங்களுக்கு."

வந்தவர்கள் மஃப்டி போலீஸ். அதற்குமேல் அவர்கள் கேட்க என்ன இருக்கிறது? சல்மா பாதிச் சோற்றில் எழுந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நில்லுங்கள் என்று வாசலை மறித்தார் நில்லுய்யா. அவர்களும் நின்றார்கள். அவளால்தான் விழுங்க முடியவில்லை.

ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் உள்ளூர்க்காரி என்று ஏமாற்றிவிட்டான் எனச் சொன்னால் தப்பிக்கலாம் என்று ஸ்டேஷனில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தோம். தெரிந்தேதான் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜாமீனில் வந்தார். சல்மாவை எல்லை தாண்டி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி.

மெஸ்ஸை மறுபடி திறந்தபோது ஆளே மாறியிருந்தார். மாஸ்டரும் பயந்து வேலையை விட்டுப் போய்விட்டதால் ஒண்டியாகச் சமைக்கிறார். எந்நேரம் போனாலும் "வாங்க சார், உக்காருங்க சார்" என்கிறார். அதைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் பதினோரு மணிக்குப் போய் வாசலிலேயே நின்றேன். உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க சாப்புடுங்கண்ணா. வேல செய்றவங்க மொதல்ல."

கையிலிருந்த கரண்டியை வைத்தார். பிறகு ஒரு தட்டை எடுத்துவந்து, சல்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார்.

"ஓரமா நில்லுய்யா" என்றார், நிமிராமல்.

நின்றேன். சாயங்காலம்வரை நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.