ஓஃப் பண்ணினாலும் போகாத தாடிக்காரர்

"மீன் பிடிக்கிறவன்ட மகள் நீ. ஒனக்கு இதெல்லாம் பிடிபடுமா புள்ள? பிடிபடாம எங்கயாவது அமத்தினா, வெடிக்குமா?"

ஒரு புதுக் கருவியோடு நான் வேலை செய்த கடைக்கு வந்த பொலித்தீன் அங்கிள் என்னிடம் முதலில் கேட்டது இதுதான். முதல் கேள்வி எனக்குக் கோபத்தைத் தந்தது. இரண்டாவது பயத்தைத் தந்தது. அதற்கு எனக்கும் பதில் தெரியாது.

மட்டக்களப்பில் அந்தக் காலத்தில் எல்லோரும்தான் பயந்தோம். ஆனால் பயத்தை ஒரு முழுநேரத் தொழிலாக, லீவு எடுக்காமல், துப்புரவாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் நாங்களெல்லாம் கத்துக்குட்டிகள்.

அவர் கடலோர டச்பாரில் பிறந்து வளர்ந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். தையல் மெசின் திருத்துவது தொழில், வாசிப்பது உயிர். ஆங்கிலத் துப்பறியும் கதை, தமிழ் வாரப் பத்திரிகை, வறுத்த கடலை சுற்றி வந்த கடதாசி, எதுவும் அவரிடம் தப்பாது. சுனாமி வந்த காலையில் டவுனில் பூசைக்குப் போயிருந்தார். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் வாசல்படி மட்டும் இருந்தது. அவருடைய புத்தக அலுமாரி வாவியில் மிதந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். உள்ளே ஒரு கொடுவா மீன் இருந்ததாம். அதைச் சொன்ன மனிதரோடு அங்கிள் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அன்று தொடங்கியது பொலித்தீன். அடையாள அட்டை பொலித்தீனில், ரேடியோ பொலித்தீனில், சப்பாத்து பொலித்தீனில். ஒருநாள் கொட்டும் மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு வந்தார். கையில் குடை இருந்தது, பொலித்தீன் பைக்குள், இறுக்கிக் கட்டியபடி.

"குடைய விரிக்கலாமே அங்கிள்?"

"விரிச்சா நனைஞ்சிரும் மகள்."

காலையில் கல்லடிப் பாலத்துக்குப் போய், வாவித் தண்ணீர் பின்வாங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு பாலத்தில் தூண்டில் போட்டு நிற்பவர்களிடம், "இன்னும் இழுக்கல்ல, பயப்படாதீங்க" என்று அறிவித்துக்கொண்டே போவார். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் ஒருமுறை தண்ணீரைப் பார்த்துக்கொள்வார்கள்.

செக்பொயின்றில் அவரைக் கண்டால் ஆமிக்காரர்களே ஒளிந்துகொள்வார்கள் என்று டவுனில் ஒரு கதை. தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, கேட்காமலே பையைக் கொட்டி, ஒவ்வொரு பொலித்தீனாக அவிழ்க்கத் தொடங்குவார். "போங்க ஐயா, போங்க" என்றால் போகமாட்டார். "இதையும் பாருங்க சேர், பிறகு பாக்கல்ல எண்டு சொல்லப்படாது." யுத்தம் முடிந்தது. பாலத்துக்குப் பக்கத்துச் செக்பொயின்றை எடுத்துவிட்டார்கள். அங்கிள் மட்டும் அதே இடத்தில் இறங்கி, ஒருவரும் இல்லாத றோட்டுக்குப் பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

"அங்க ஆருமில்லயே அங்கிள்!"

"இல்லாத மாதிரித் தெரியுது. அதுதான் பயமாக் கிடக்கு."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அவருடைய தெருவில் ரேடியோ திருத்தும் ஒருவர் இருந்தார். ஒரு பின்னேரம் அவருடைய கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. அவர் மேசையில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியை மறுநாள்தான் யாரோ எடுத்து ஊற்றினார்கள். அவர் வரவேயில்லை. சிக்னல் பிடிக்கிற எதையும் அங்கிள் அதற்குப் பிறகு தொடவில்லை. கைத்தொலைபேசி இல்லை. ரேடியோ இருந்தது, பற்றறி இல்லாமல்.

நான் மாங்கேணிப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள். அப்பா கையெழுத்து வைக்கமாட்டார், பெருவிரல் வைப்பார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து, அகதி முகாம் கூடாரத்தில் இருந்து படித்து, டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை எடுத்திருந்தேன். ரெலிபோன், போட்டோக்கொப்பி, இன்ரநெற், எல்லாம் நான்தான். அந்தக் கதிரையில் இருக்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருப்பேன்.

அப்படி நிமிர்ந்திருந்த ஒரு நாளில்தான் அங்கிள் வந்து ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். பொலித்தீன், அதற்குள் பொலித்தீன், அதற்குள்ளும் பொலித்தீன். கடைசியில் சிலேட்டைப் போல மெல்லிய ஒரு சாமான். மின்நூல் வாசிக்கிற கருவி. மெல்பேர்னில் இருக்கும் மகள் அனுப்பியிருக்கிறாள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அங்கிளுடைய கண்ணை அரித்துவிட்டது. அச்சுப் புத்தகத்தில் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான். சுனாமிக்குப் பிறகு புத்தகம் இல்லை, புத்தகம் கிடைத்த நேரத்தில் கண் இல்லை. இதில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம். புத்தகங்களை மகள் அங்கிருந்தே அனுப்புவாள். இங்கே ஒருமுறை கனெக்ட் பண்ணிக் கொடுத்தால் போதும்.

"மாசக்கணக்கா அலுமாரிக்குள்ள வெச்சிருந்தன்" என்றார். "அவள் ஒவ்வொரு கிழமையும் பக்கத்து வீட்டுக்கு ரெலிபோன் கோல் எடுத்து அழுகிறாள்."

திரையில் ஒரு தாடிக்காரரின் படம் இருந்தது. கூர்ந்த பார்வை.

"இது ஆர்?"

"ஆரோ எழுத்தாளராக்கும் அங்கிள்."

"ஒட்டியிருக்கா?"

நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தாடிக்காரர் அசையவில்லை. நான் சுவிச்சைத் தள்ளினேன். திரை முழுக்க ஒருமுறை பளிச்சென்று கறுத்தது. அங்கிள் மேசைக்குக் கீழே போய்விட்டார். நான் கதிரையோடு சுவர்வரை பின்னால் போயிருந்தேன். பக்கம் மாறும்போது இந்தக் கருவிகள் அப்படித்தான் கறுத்து வெளுக்கும் என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

"வெடிச்சிட்டா?" கீழே இருந்து குரல்.

"இல்ல அங்கிள். வாங்க."

சார்ஜ் ஏற்றினோம். வயரைச் செருகும்போது அங்கிள் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, வெளியே தெருவில் நின்றார். பிறகு கருவி சுற்றுவட்டாரத்தில் உள்ள வைஃபைப் பெயர்களையெல்லாம் தேடி எடுத்து வரிசையாகக் காட்டியது. எங்கள் கடை, எதிர்த்த லொட்ஜ், அதற்குக் கீழே 'கெப்டன்' என்று தொடங்கும் ஒரு பெயர். ஆமிக்காரராக இருக்குமோ என்று நான் அவசரமாகக் கையால் மறைத்தேன். கண் தெரியாத மனிதர் அதை மட்டும் கண்டுவிட்டார்.

"புள்ள, கெப்டன் எண்டு போட்டிருக்கா?"

"அது ஆரோ பக்கத்தில உள்ளவர். நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல."

"நாம அவரக் காணுறம். அவர் நம்மளக் காண மாட்டாரா?"

நான் கருவியைக் கவிழ்த்து வைத்தேன். கடை முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஒங்கள ஆர் அங்கிள் தேடப்போறாங்க?" என்று சிரித்தார்.

"ரேடியோ திருத்தினவரும் அப்பிடித்தான் சொன்னவர்" என்றார் அங்கிள்.

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கனெக்ட் பண்ணும் வேலை அத்தோடு நின்றது. அங்கிள் பொலித்தீன்களைத் திரும்பச் சுற்றினார். ஆனால் தனியாகக் கொண்டுபோகப் பயம். "நீ தொட்ட சாமான். நீயும் வா." கல்லடியில் அவர் வாடகைக்கு இருந்த அறைவரை கொண்டுபோய் விடுவதென்று நானும் சைக்கிளை எடுத்தேன்.

பாலத்துக்குக் கிட்ட, வழக்கமான இடத்தில் அங்கிள் இறங்கினார். ஆனால் அன்று அந்த இடம் வெறுமையாக இல்லை. என்ன காரணமோ, திடீர்ச் சோதனை. றோட்டுக்குக் குறுக்கே தகரப் பரல்கள். நாலைந்து ஆமிக்காரர்கள். அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? ஆருமில்ல எண்டாய்."

புது ஆட்கள். அங்கிளைத் தெரியாதவர்கள். ஒரு இளம் சிப்பாய் பொட்டலத்தை எடுத்து அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்க்க அவிழ்க்க அவனுடைய முகமும் மாறியது. இவ்வளவு சுற்றிய சாமானுக்குள் நல்லது இருக்க முடியாதே! கடைசிப் பொலித்தீனுக்குள் இருந்து தாடிக்காரர் அவனை முறைத்தார்.

"இது யாரு?"

"தெரியா சேர்" என்றார் அங்கிள்.

"உங்க பையில இருக்கு. தெரியாதா?"

"அவராத்தான் வந்தவர் சேர்."

முன்பின் தெரியாத ஒரு ஆணின் படம் பையில் இருந்தால் அந்தக் காலத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும்.

"ஓஃப் பண்ணுங்க."

"ஓஃப்லதான் சேர் இருக்கு."

"படம் தெரியுது. ஓஃப் பண்ணுங்க!"

நான் சுவிச்சைத் தள்ளினேன். பளிச்சென்று கறுத்து எழுத்து வந்தது. திரும்பத் தள்ளினேன். பளிச். தாடிக்காரர் போய்விட்டார். அந்த இடத்தில் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி இருந்தாள்.

சிப்பாய் ஓரடி பின்வாங்கினான். "இப்ப இது யாரு?"

அங்கிள் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். "அவர்ட பெஞ்சாதியாக்கும் சேர்."

அதிகாரி வந்தார். பற்றறியைக் கழற்றச் சொன்னார். அது கழற்றுகிற மாதிரியான கருவி இல்லை. அதைச் சொன்னதும் அவருடைய முகம் இறுகியது. "இது இங்க இருக்கட்டும். ஐயா நாளைக்கு முகாமுக்கு வாங்க."

நாளைக்கு முகாமுக்கு வா என்பது எங்கள் ஊரில் சின்ன வசனம் இல்லை. போன ஆட்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும், தொட்டது நான். அகதி முகாமின் தற்காலிக வகுப்பில் கற்ற சிங்களத்தில் பாதி, தமிழில் பாதியாகத் தொடங்கினேன். இது புத்தகம் சேர். கரண்ட் இல்லாமலும் படம் நிற்கும், கடதாசியில் மை நிற்கிற மாதிரி. ஐயாவுக்குக் கண் தெரியாது. மகள் அனுப்பினது.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "புத்தகமா? அப்ப அவர் வாசிக்கட்டும்."

கனெக்ட் பண்ணாத கருவிக்குள் ஒரு புத்தகமும் இல்லை. அதைப் பாவிப்பது எப்படி என்ற ஆங்கில வழிகாட்டி மட்டும்தான் இருந்தது. அதைத் திறந்தேன். எழுத்தைப் பெருப்பித்தேன், இன்னும் பெருப்பித்தேன், கடைப் பெயர்ப்பலகை அளவுக்குப் பெருப்பித்தேன். அங்கிள் கையைக் கீழே இறக்க மறுத்ததால் நானே அவருடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவருடைய உதடு அசைந்தது. கோயிலில் வேதாகமம் வாசிக்கிற குரலில், தன்னை வாங்கியதற்குக் கருவி சொல்லும் நன்றியை வாசித்தார். சார்ஜ் ஏற்றும் முறையை வாசித்தார். "அடுத்த பக்கம்" என்றார். நான் அமத்தினேன். பளிச்சென்று கறுத்தது. அங்கிள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எந்தெந்தச் சூட்டில் வைக்கக்கூடாது என்பதை, ஒரு கொலைக் கதையின் கடைசி அத்தியாயம்போல வாசித்தார். குரல் ஏறியது. கண்ணீர் வழிந்தது. பின்னால் ஒரு பஸ்ஸும் சில ஆட்டோக்களும் வந்து நின்றன.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் அதிகாரி. "போதும் ஐயா."

"இன்னும் உத்தரவாதம் வாசிக்கல்ல சேர்."

"போங்க ஐயா!"

"தண்ணியில விழுந்தா என்ன செய்யிறது எண்டு போட்டிருக்கு சேர். அது முக்கியம்."

பஸ்ஸிலிருந்து யாரோ, "ஐயா, வீட்ட போய் வாசிங்களன், சோறு ஆறுது!" என்று கத்தினார்கள். அதிகாரி சிரித்துவிட்டார். கருவியைத் தன் கையாலேயே பொலித்தீனில் சுற்றித் தந்தார். பாலத்தைத் தாண்டும்வரை நாங்கள் நிற்கவில்லை. தாண்டியதும் அங்கிள் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப அவிழ்த்து, உத்தரவாதத்தை வாசித்து முடித்தார்.

மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றார்.

"கனெக்ட் பண்ணு."

"கெப்டன் இருப்பாரே அங்கிள்?"

"இருக்கட்டும். எனக்குப் பயம்தான். பண்ணு."

கடவுச்சொல்லை அடித்தேன். மகளின் கணக்கைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழத் தொடங்கின. அங்கிள் என் தலையில் கை வைத்தார்.

பயம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். கருவியைப் பொலித்தீனுக்குள் வைத்தபடியேதான் வாசித்தார். பாலத்தருகே இறங்குவதையும் விடவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் ஒரு முறைப்பாட்டோடு வந்தார். மகள் ஒரு தமிழ்க் கதையை அனுப்பியிருந்தாள். கருவியில் தமிழுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்து நின்றன. அந்தக் கருவிக்கு அப்போது தமிழ் எழுத்துத் தெரியாது.

"இங்கிலீசில கொலை நடக்குது, எல்லாரும் 'பிளீஸ்' எண்டு கதைக்கிறாங்க" என்றார். "ஒருத்தனாவது தமிழில நல்லா ஏசவேணும் மகள். இல்லாட்டி எனக்கு வாசிச்ச மாதிரி இல்ல."

அன்றிலிருந்து, கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பழைய வாரப் பத்திரிகைக் கதைகளைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, பக்கங்களைப் படங்களாக மாற்றி, அவருக்கு ஏற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். பத்திரிகைகள் தீர்ந்தன. அங்கிளுக்குத் தீரவில்லை. நானே எழுதத் தொடங்கியது அப்படித்தான்.

இந்தக் கதையையும் அவருக்காகப் பெரிய எழுத்தில் அடித்தேன். பத்திரிகை ஆசிரியர் என்ன சொல்வார் என்று தெரியாது. அங்கிள் தமிழில் நன்றாக ஏசுவார் என்பது தெரியும். ஆசிரியருக்கு நாளைக்கு அனுப்பலாம். அங்கிளுக்கு இன்று காலையே அனுப்பிவிட்டேன்.