கொஞ்சம் செத்த கார்

இனிமேல் உலகத்தில் டிரைவர் என்று ஒரு ஆளே தேவைப்படாது என்று அழகமுத்து முடிவு கட்டினான். முடிவு கட்டியவன் ஒரு த்ரீவீல் டிரைவர். அது மட்டும் அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

எல்லாம் ஒரு படத்தைப் பார்த்து வந்தது. தெரணியகலை டவுனில் நிலாம் நாநா த்ரீவீல் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். 2008ஆம் வருசம், மழை விடாத ஒரு நாள், ஹயர் சவாரி ஒன்றும் கிடைக்காமல் அழகமுத்து அந்தக் கடையில் ஒதுங்கி நின்றான். சாமான் சுற்றித் தருவதற்குக் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டினான். நடுப்பக்கம் முழுக்க ஒரு கார். சுறாமீன் மாதிரி வழவழப்பான உடம்பு. தூக்கத்தில் பாதி திறந்த கண் மாதிரி லைட். கதவு இரண்டும் கழுகுச் சிறகு மாதிரி மேலே தூக்கி நின்றன. உள்ளே ஒருவன் கோட் சூட் போட்டுக்கொண்டு கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. பிறேக் இல்லை. ஒன்றுமே இல்லை. கார் தானே பார்த்து, தானே யோசித்து, தானே ஓடுமாம்.

இதை எங்கே வாங்கலாம் என்று கேட்டான். இது விற்பதற்கில்லை, காட்டுவதற்கு மட்டும்தான், இதற்குக் கொன்செப்ட் கார் என்று பேர் என்றார் நிலாம் நாநா. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னவோ சிரித்தார். அந்தச் சிரிப்பை அழகமுத்து அன்றைக்கே கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், லயத்து வரிசை வீட்டில், அவன் பெண்சாதி சுப்பம்மா மெசினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

"என்னாங்க இது?"

"கொன்செப்ட் கார்."

"கொஞ்சம் செத்த காரா?"

"கொன்செப்ட், புள்ள. கொன்செப்ட்."

"நம்ம வண்டி முழுசாவே செத்தது. அப்ப நாமதான அவங்களுக்கு முன்னால போய்க்கிட்டிருக்கோம்."

அழகமுத்து படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பெரிய யோசனை உள்ளவர்கள் சின்னப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது அவன் நினைப்பு.

சுப்பம்மா மெசினை நிறுத்தினாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. த்ரீவீல் ஓட்ட வேண்டும். ஓட்டிப் பார்க்கிற ஆசை இல்லை, காரணத்தோடு உள்ள ஆசை. லயத்துப் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்கு இரண்டரை மைல் நடக்கிறார்கள். அவர்களுடைய மகள் நிரோஷாவும் அதில் ஒருத்தி. தினமும் காலில் அட்டை கடித்து, வெள்ளைச் சப்பாத்துக்குள் இரத்தத்தோடு போய் வகுப்பில் உட்காருவாள். பிள்ளைகளை நீயே கொண்டுபோய் விடு என்று புருசனிடம் கேட்டால், அவன் காலை ஒன்பது மணிக்கு முன் எழும்ப மாட்டான். அப்படியென்றால் நான் ஓட்டுகிறேன் என்றால், பெண் ஓட்டினால் வண்டிக்கு மரியாதை போய்விடும் என்பான். நிலாம் நாநாவின் பெண்சாதி றுகையா வேனே ஓட்டுகிறாளே என்றால், அது வேன் என்பான். அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்டால் சோறு போடு என்பான்.

"கடைசியா ஒரு தடவ கேக்குறேன்ங்க. நான் லைசன் எடுக்கவா?"

"அடி இவளே, டிரைவருங்கிற வேலையே இல்லாமப் போகப் போகுது. இப்பப் போயி லைசன் எடுக்குறேங்கிற. செத்தவனுக்கு ஊசி போடுவாங்களா?"

"சரிங்க" என்றாள் சுப்பம்மா. மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த நாளே அழகமுத்து த்ரீவீலைக் கொன்செப்ட் ஆக்கத் தொடங்கினான். லயக்கூரை மாற்றும்போது மிஞ்சிய தகரத்தை வளைத்து முன்பக்கம் சுறா மூக்கு வைத்தான். பால்மா டின்னை வெட்டி லைட்டுக்கு இமை வைத்தான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கழித்துப் போட்ட சாக்குகளின் வெள்ளித்தாளை உரித்து உள்கூரை முழுக்க ஒட்டினான். கதவு மேலே திறக்க வேண்டும் என்று ஆசை. த்ரீவீலுக்குக் கதவே கிடையாது. ஆகவே மேலே திறப்பதற்காக முதலில் இரண்டு கதவு செய்தான். அவை திறந்தால் நிற்காது. ஏறுகிறவர் தலையில் ஒருதரம், இறங்குகிறவர் தலையில் ஒருதரம் விழும்.

பொய் சொல்வானேன், வண்டி அசிங்கமாக இருந்தது. டவுனில் ஒரு சிங்கள அம்மா பையை நீட்டி அரைக் கிலோ சுறா கேட்டாள். வண்டியை அவன் ஓட்டினான், அவனை டவுனே ஓட்டியது. அழகமுத்து கவலைப்படவில்லை. ஏனென்றால் அவனுடைய வண்டிக்கு உண்மையிலேயே என்னவோ நடந்துகொண்டிருந்தது.

லயம் வரைக்கும் றோட்டு இல்லாததால் வண்டியைக் கீழே பீலியடி வளைவில் நிறுத்திவிட்டு, சாவியை வீட்டு ஆணியில் மாட்டுவான். இரவு காலியாக விட்ட டேங்கில் காலையில் பெற்றோல் இருக்கிறது. நேராக வைத்த கண்ணாடி கொஞ்சம் கீழே குனிந்திருக்கிறது. ஒன்பது மணிக்குத் தொட்டால் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டு மாதமாக இப்படித்தான். சுப்பம்மாவிடம் சொன்னால், எதிர்கால வண்டி இல்லையா, அது அப்படித்தான் இருக்கும் என்று நூலில் முடிச்சுப் போட்டபடி சொல்வாள். நிரோஷாவின் சப்பாத்தும் இப்போதெல்லாம் வெள்ளையாகவே வந்தது. தோட்டத்தில் அட்டை குறைந்துவிட்டது என்று அழகமுத்து டவுனில் போய்ச் சொன்னான். விசயம் தெரிந்த ஆள் மாதிரி சொன்னான்.

அவன் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் ஜெயித்தவனுக்குக் கை தட்ட ஆள் வேண்டுமே. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண்சாதியிடம் பந்தயம் போட்டான்.

"பீலியடியில இருந்து ஸ்டோர் வரைக்கும் வண்டிய ஆள் இல்லாம ஓட வைக்கிறேன். ஓடிருச்சின்னா, இனி லைசன் வேணும்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

"லைசன் வேணும்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"ஓடலன்னா?"

"ஹேண்டில நீயே வச்சுக்க."

சுப்பம்மா யோசிக்கவே இல்லை. சரி என்றுவிட்டாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் சரி என்கிறாள் என்று வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள்.

அவன் செய்த ஏற்பாடு இதுதான். பீலியடியிலிருந்து ஸ்டோர் வரை ஒரே இறக்கம். எஞ்சினே வேண்டாம், நியூட்டரில் விட்டால் உருளும். ஹேண்டிலின் இரண்டு முனையிலும் கறுப்புக் கயிறு கட்டி, வெள்ளித்தாளுக்கு அடியால் பின்சீட்டுக்குக் கொண்டுவந்தான். பிறேக்குக்கு இன்னொரு கயிறு. அதைத் தன் வலது கால் பெருவிரலில் முடிந்தான். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிக்கொண்டு, குளிர் என்று சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்தான். பக்கத்தில் சுப்பம்மா. முன்சீட்டில் ஒருவரும் இல்லை.

வண்டி உருண்டது.

ஓடியது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதல் வளைவில் அழகாகத் திரும்பியது. இரண்டாவது வளைவிலும் திரும்பியது. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் ஆள் இல்லாத வண்டியைக் கண்டு பிள்ளையாரே என்று றோட்டோரக் கானுக்குள் இறங்கி நின்றார்கள். போர்வைக்குள் அழகமுத்துவின் இரண்டு கையும் கள்ளத்தனமாக ஆடின. படத்தில் இருந்த ஆளைப் போலக் கால்மேல் கால் போட ஆசையாக இருந்தது. போட்டான். வலது காலைத்தான் தூக்கிப் போட்டான். படீர் என்று பிறேக் கயிறு அறுந்தது.

ஸ்டோர் வந்தது. ஸ்டோர் போனது. ஸ்டோர் வரைக்கும் ஓடும் என்றுதான் பந்தயம், ஸ்டோரில் நிற்கும் என்று அவன் சொல்லவில்லைதான்.

"என்னாங்க, நிக்கலியே?"

"நிக்கும். யோசிக்குது."

"பெரிய றோட்டு வருதுங்க."

"எதிர்கால வண்டி, புள்ள. யோசிச்சுத்தான் நிக்கும்."

பெரிய றோட்டு மட்டுமா வந்தது. றோட்டு முனையில் சோதனைச்சாவடியும் வந்தது. மணல்மூட்டை, பீப்பாய், துவக்கு, ஒரு பொலிஸ் சாஜன். யுத்தம் நடந்த அந்த வருசத்தில் மனிதர்கள் அந்த இடத்தில் தும்மக்கூட யோசிப்பார்கள். அங்கே ஒரு வெள்ளிச் சுறா, ஆளில்லாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தது. அழகமுத்து போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டான்.

சுப்பம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரே எட்டில் முன்சீட்டுக்குத் தாண்டி உட்கார்ந்தாள். பிறேக்கை ஒரேயடியாக மிதிக்கவில்லை. மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். வண்டி பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால், குங்குமப் பொட்டு வைத்தது போல் நின்றது.

சாஜன் வந்து குனிந்து பார்த்தார்.

"கவுத ட்ரைவர்?"

யார் டிரைவர் என்று கேட்கிறார். அழகமுத்து யோசித்தான். நான்தான் என்றால், பின்சீட்டில் போர்வைக்குள் என்ன செய்கிறாய் என்பார், லைசன் போகும். யாருமில்லை, தானாக வந்தது என்றால் ஆளே போவான்.

"மம தமய், மாத்தயா" என்றாள் சுப்பம்மா. நான்தான் என்று. சட்டைக்குள் இருந்த பர்சிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். தோட்டத்தில் அட்டை குறையவில்லை, ஒன்று கூடித்தான் இருந்தது. அதில் அவள் படம், அவள் பெயர், மூன்று மாதத்துக்கு முந்திய திகதி.

சாஜன் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. தினமும் ஏழு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த வழியாகப் போகிற நோனா இல்லையா, உங்களைத் தெரியாதா என்று சிங்களத்தில் சிரித்தார். இவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறவர் வண்டிக்கு ஏன் இந்த மீன் சட்டை என்றும் கேட்டார். பிறகு பின்னால் எட்டிப் பார்த்து, இந்த மனுசன் யார் என்றார்.

நம்ம வீட்டு ஆள்தான், பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்றாள் அவள்.

கையில் என்ன கயிறு என்றார்.

பட்டம் விடுகிறார் மாத்தயா என்றாள்.

துவக்குப் பையன்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூக்கை நாளைக்குள் கழற்றிவிடச் சொல்லி அனுப்பினார் சாஜன்.

சுப்பம்மா எஞ்சினைப் போட்டாள். அந்த ஒடுங்கிய முனையில் அழகமுத்து மூன்று தரம் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புவான். அவள் ஒரே வெட்டில் திருப்பினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குக் கொஞ்சம் குனிய வைத்தாள். அப்போதுதான் அவனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. றுகையா அக்காவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனாளே. ஒரு றுகையாவுக்கு எத்தனை சட்டை? தன் பெண்சாதி இவளுக்கு வண்டி பழக்குவது தெரிந்துதான் நிலாம் நாநா அன்றைக்குச் சிரித்தாரா?

"காலையில வண்டி சத்தம் எனக்குக் கேக்கவே இல்லியே."

"ஸ்டோர் வரைக்கும் நியூட்டர்ல உருட்டிருவேன். தூக்கத்தக் கெடுக்கக் கூடாதில்ல."

"பெற்றோல்?"

"புள்ளைகளோட அம்மாமார் சேந்து போடுறாங்க. அதுல கொஞ்சம் உங்களுக்கும் மிஞ்சுது."

அழகமுத்துவுக்கு ஒரே ஒரு பிடி மிஞ்சியிருந்தது. ஸ்டோர் வரைக்கும் வண்டி ஓடியது உண்மை, பந்தயத்தில் ஜெயித்தது அவன்தான். அதைக் கெட்டியாகப் பிடித்தான்.

"இனி லைசன் வேணும்னு கேக்க மாட்டேன்னு சொன்னியா இல்லியா?"

"கேக்க மாட்டேங்க. இருக்கிறத எதுக்குக் கேக்கணும்?"

மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. அவன் கையில் ஏறும்போது அது எப்போதும் முனகும். தலைக்கு மேலே வெள்ளித்தாள் பளபளத்தது, பக்கத்தில் கதவு, வந்த வேகத்தில் சிக்கி, சிறகு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது, அறுந்த கயிறு காலில் கிடந்தது. நிலாம் நாநா கிழித்துக் கொடுத்த படம் கடைசியில் அச்சு அசலாக வந்துவிட்டது: சீட்டில் சாய்ந்திருந்த அழகமுத்துவுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை.