குச்சவெளிக்குக் கோச்சி வேண்டாம் என்பதற்கு ஏழு காரணங்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
20.10.2024

பெருமதிப்புக்குரிய சம்பந்தி காசிநாதர் அவர்கட்கு,

இங்கு நானும் ராசமலரும், மகள் ஜதுசாவும், தங்கள் மகன் றமேஸும், நம் இரு வீட்டுக்கும் பொதுச் சொத்தான பேத்தி ஆரணியும் பத்திரகாளி அம்பாளின் தயவில் சுகமாக இருக்கிறோம். குச்சவெளியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாடுகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். கொடுத்தனுப்பிய இறால் கிடைத்தது. ஆரணி சாப்பிட்டாள், எனக்குக் குழம்பு கிடைத்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தொலைபேசியில் கதைக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தங்கள் வீட்டில் யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள், அயல் முழுக்கச் சுகம் விசாரிக்கும். இது நம் இருவருக்குள் இருக்க வேண்டிய விடயம்.

விடயம் புதன்கிழமைக் கூட்டம்தான். பட்டினத்திலிருந்து உப்புவெளி, நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரைக்கும் றெயில் பஸ், நம் சனத்தின் வாயில் கோச்சி, விடலாமா, விட்டால் யாருக்கு லாபம், யாருக்குத் தொல்லை என்று சனத்திடம் கேட்கக் கொழும்பிலிருந்து எஞ்சினியர் வந்த கூட்டம். தாங்கள் குச்சவெளியில் ‘கோச்சி வேண்டும்’ குழுவுக்குத் தலைவர். நான் பட்டினத்தில் ‘கோச்சி வேண்டாம்’ குழுவுக்குத் தலைவர். எங்கள் குழுவில் நானும் போட்டோக்கொப்பிக் கடை பஹ்மியும் இருக்கிறோம். பஹ்மி சேர்ந்தது நான் அவருடைய வாடிக்கையாளன் என்றபடியால். இருந்தாலும் குழு குழுதான்.

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல்களை வரவேற்று வழியனுப்பியவன் நான். போக்குவரத்தைப் பற்றி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மூன்று நாள் இருந்து யோசித்து, எதிர்ப்புக்கு ஏழு காரணங்களை முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். முதலாவது, உப்புக் காற்றில் தண்டவாளம் துருப்பிடிக்கும். இரண்டாவது, றெயில் கடவையில் மாடுகள் படுத்துக்கொண்டு எழும்பமாட்டா. இதை எழுதும்போது தங்கள் மாடுகள்தான் கண்ணுக்குள் நின்றன, மன்னிக்கவும். மூன்றாவது, குச்சவெளிக் கருவாடு ஒரு சாக்கு ஏறினால் நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர் எல்லாரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி விடுவார்கள். மற்ற நாலும் இதே அளவுக்குக் கனதியானவை. மண்டப வாசலில் பிளேன்ரீ குடிப்பதற்காக அந்தத் தாளைப் பக்கத்து வாங்குப் பலகையில் வைத்தேன். நம் பட்டினத்து மான்களைத் தங்களுக்குத் தெரியும், பஸ் நிலையத்தில் கடதாசி தின்று வளர்ந்த கூட்டம். கொம்பு வைத்த பெரியது ஒன்று வந்து ஏழு காரணங்களையும் ஒரே வாயில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே நின்று மென்றது. பஹ்மி சொன்னார், “ரெண்டு தரம் கேட்டனான் ஐயா, ஒரு கொப்பி எடுத்து வைப்பமோ எண்டு.” அந்த நேரத்தில் அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே வெறுங்கையோடு எழும்பிப் பேசப் போனேன். முதல் வரிசையில் தாங்கள் இருந்தீர்கள். பிள்ளைகளின் கலியாணத்துக்கு நான் போர்த்த சால்வையைப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். நாலு பேருக்கு முன் சம்பந்தியை மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை, தங்கள் குடும்பத்திலும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததற்கு நாம் இருவருமே பொறுப்பு.

“குச்சவெளிச் சனம் பஸ்ஸில படுற பாடு சம்பந்திக்குத்தான் தெரியும். அவர் கோச்சி வேணும் எண்டால் நான் குறுக்க நிக்க ஏலாது” என்றேன். மரியாதைக்குச் சொன்னது. அத்தோடு தாங்கள் நன்றி சொல்லி இருந்திருக்க வேண்டும். தாங்களோ எழும்பி, “சம்பந்தி படிச்ச மனிசன். அவர் வேண்டாம் எண்டு குழு வைச்சிருக்கிறார் எண்டால் அதில ஞாயம் இருக்கும்” என்றீர்கள். விடுவேனா? “இல்லை, சம்பந்தி சொல்லுறதுதான் ஞாயம்” என்றேன். “உப்புக் காத்துக்குத் தண்டவாளம் துருப்பிடிக்கும், அதை நாங்கள் யோசிக்கேல்லை” என்று தாங்கள் எனது முதலாவது காரணத்தை எடுத்து விட்டீர்கள். “துருப்பிடிச்சால் பெயின்ற் அடிக்கலாம்” என்று அதை நானே வெட்டினேன். இப்படிக் கால் மணித்தியாலம் நாம் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் விட்டுக்கொடுத்தோம். எஞ்சினியர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். சனம் கை தட்டியது. எந்தப் பக்கத்துக்குத் தட்டியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூட்ட அறிக்கை நேற்று வந்தது. பஹ்மி இந்த முறை கேட்காமலே மூன்று கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ‘திரு. சிவகுருநாதன் திட்டத்தைப் பலமாக ஆதரிக்கிறார். திரு. காசிநாதர் கடுமையாக எதிர்க்கிறார். துருப் பற்றிய அவரது கவலை கவனத்திற்குரியது.’ உங்கள் குழுவில் தங்களைத் தலைவர் பதவியிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று றமேஸ் சொன்னார். இங்கே என் நிலை அதைவிட மோசம். நிலையம் எப்போது திறப்பு என்று கோயில் வீதியிலும் கேட்கிறார்கள். ஆகவே நாம் இருவரும் கையெழுத்து வைத்து, ஆளை மாறி எழுதிவிட்டீர்கள் என்று எஞ்சினியருக்கு அனுப்ப ஒரு திருத்தக் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்து ஒப்பம் இட்டுத் திருப்பி அனுப்பவும்.

இவ்வளவு எழுதியவன் உண்மையையும் எழுதி விடுகிறேன். துருவைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. நம் பக்கத்து வழக்கப்படி இந்த வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு நானும் ராசமலரும் பின் அறைக்கு மாறினோம். றமேஸ் இங்கே வந்து இருந்தார். துறைமுகத்தில் அவருக்கு வேலை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜதுசா டீச்சர், எல்லாம் நடந்து போகும் தூரம். இந்த ஆறு வருடமும் அவர்களை இங்கே பிடித்து வைத்திருந்தது என் அன்பு அல்ல, குச்சவெளி பஸ். கோச்சி வந்தால் தாங்கள் கட்டி வைத்திருக்கும் வீட்டிலிருந்தே வேலைக்கு வரலாம் என்று றமேஸ் ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். அடுத்த நாள் குழு தொடங்கினேன்.

ஆரணியைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப் போவது நான்தான். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைப்பாள். போன கிழமை வந்த பெரிய சீமெந்துக் கப்பலுக்குத் தங்கள் பெயர். அதை இழுத்துக்கொண்டு வந்த சின்னப் படகுக்கு என் பெயர். அவள் இல்லாமல் அந்த வீதியால் நான் எதற்குப் போவது? தாங்களும் அந்தப் பிள்ளைக்காகத்தான் கோச்சி கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபம் இல்லை. ஆனால் விட்டுத்தர மனம் வருகுதில்லை.

வெருகல் முருகன் தங்கள் வயலுக்கு நேரத்துக்கு மழையும், தங்களுக்கு நீண்ட ஆயுளும், இந்தக் கடிதத்தை வாசித்த பின்னும் என் மேல் பழைய பட்சமும் தருவானாக. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புச் சம்பந்தி,
சிவகுருநாதன்

பி.கு: தபாலில் போடச் சொல்லி ஜதுசாவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் வாசித்துவிட்டாள். “அப்பா, எனக்குக் குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்திட்டுது. கோச்சி வந்தாலும் வராட்டிலும் தை மாசம் நாங்கள் போறம். உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான்” என்றாள். றமேஸ் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவாராம். ஆகவே திருத்தக் கடிதத்தில் ஒப்பம் வைக்க வேண்டாம், கிழித்து விடுங்கள். எஞ்சினியர் என்னைப் பற்றி எழுதியது முழுக்கச் சரி. தங்களைப் பற்றியதை மட்டும் தாமதிக்காமல் திருத்துங்கள். காலையில் பட்டினத்திலிருந்து வரும் முதல் கோச்சி, பிள்ளை அங்கே பாலர் பாடசாலைக்கு வெளிக்கிடும் முன் குச்சவெளிக்கு வந்து சேர வேண்டும் என்று தங்கள் குழு கண்டிப்பாகக் கேட்கட்டும். பின்னேரம் கடைசிக் கோச்சி எத்தனை மணிக்கு என்றும், அதை நான் தவறவிட்டால் தங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா என்றும் மறக்காமல் எழுதவும்.