பதினோராம் விதைப் பரணி

ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவது எளிது. ஒரேயொரு விதையை வென்றவளை இதுவரை எவரும் பாடவில்லை. ஆகவே முகில்முடி சூடிய மலைகளே, அட்டைகள் அரசாளும் புல்வெளிகளே, எமக்குச் சொல் தாருங்கள். மண்வெட்டி ஏந்திய மாதரசி, தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் பின்னே மூன்று பாத்திகளுக்கு அதிபதி, போன ஆண்டு முள்ளங்கி விதைத்து முள்ளுக்கீரை அறுத்த ராக்காயி வாழ்க.

களம், வலப்பனை பஸ் நிலையத்துக்கு எதிரே பைஸரின் விதைக்கடை. நாள், மழை இறங்குவதற்கு முந்திய நாள். பாத்திகள் மூன்றும் கொத்தி எருவிட்டுக் காத்திருக்க, இன்றே விதை கொண்டு மூன்று மணி பஸ்ஸில் மீள்வேன் என்ற சபதத்தோடு ராக்காயி படி மிதித்த அக்கணம், விதைப் பரிசோதகர் லோஜினி முள்ளங்கி மூட்டையின் வயிற்றைக் குடைந்து, ஒரு கிண்ணம் விதை அள்ளி, வெள்ளைத்தாள் என்னும் போர்க்களத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

விதி ஒன்றே. கிண்ணத்தில் களைவிதை பத்துவரை மன்னிப்பு. பதினொன்றானால் மூட்டைக்கு முத்திரை, விற்பனை இல்லை.

"நல்லாப் பாருங்க மிஸ்," என்றாள் ராக்காயி. "போன வருஷம் இந்த பைஸர் நானா குடுத்த வெதையில மூணு பாத்தியும் முள்ளு. ஆடுகூட உள்ள வரல."

"நீங்க வெத வாங்க வந்தீங்களா, சாட்சி சொல்ல வந்தீங்களா?" என்றார் பைஸர்.

"ரெண்டுக்குந்தான்."

படியேறி வந்தவர் பகைவரே ஆயினும் பாலில்லாத் தேநீராம் சாயத்தண்ணி கொடாது அனுப்பாத குலத்து வள்ளல் பைஸர், தம்மைத் தண்டிக்க வந்தவளுக்கும் ஆவி பறக்கும் கோப்பையும் எள்ளுருண்டையும் வைத்தார். இடக்கையால் உருண்டையைக் கடித்தவாறே, வலக்கைச் சாவணமாம் சிற்றிடுக்கி இரை கண்ட பருந்தெனப் பாய்ந்து பாய்ந்து கொத்த, லோஜினி எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. சாயத்தண்ணியின் ஆவி மூக்குக்கண்ணாடியை மூடுபனியாய்ப் போர்த்தியது. அப்பனியூடே கரியதோர் உரு தோன்றிற்று.

"பதினொன்று."

தராசு நடுங்கியது. போஞ்சி விதைகள் டப்பாவுக்குள் பதுங்கின. ஓராண்டுப் பகை தீர்ந்ததென்று ராக்காயியின் நெஞ்சு துள்ளியது; துள்ளியது தரைக்கு வருமுன்னே, வெறுமையாய்க் கிடக்கும் பாத்திகள் மூன்றும் அவள் முன் விரிந்தன. அவ்வளவுதான். முத்திரை அரக்கு உருகுமுன், புலி மானைப் பற்றியதென அந்தப் பதினோராம் விதையைப் பற்றி, நாவிலிட்டு, முன்பல்லால் கடித்தாள்.

"எள்ளு மிஸ். ஒங்க உருண்டையிலேருந்து உதுந்தது."

"ஆதாரத்தைத் தின்னுட்டீங்களே, அக்கா."

"கடிக்காம எப்பிடித் தெரியும்?"

லோஜினி கண்ணாடியைத் துடைத்தாள். பின், நீதிதேவதையே நேரில் வந்ததுபோல் முழங்கினாள்: "இந்தக் கணக்கு செல்லாது. புதுக் கிண்ணம். ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"சாயத்தண்ணி இன்னொண்ணு..." என்று எழுந்தார் பைஸர்.

"ஒக்காருங்க நானா," என்றாள் ராக்காயி.

இரண்டாம் போர் நிகழ்ந்தது. உருண்டையின்றி, ஆவியின்றி, மூச்சுமின்றி நிகழ்ந்தது. களைகள் ஒன்பதோடு வீழ்ந்தன. மூட்டை மீண்டது, வணிகன் மானம் மீண்டது, திசையெட்டும் முரசதிர, வெற்றித்திரு தோளில் அமர, ஐம்பது கிராம் விதைப்பொதியை வாகைமாலையென நெஞ்சோடணைத்து ராக்காயி வாயில் கடந்தாள்.

மூன்று மணி பஸ் போய்விட்டிருந்தது.