சிற்றியில் ஆள் வைத்திருப்பவர்

ரொறன்ரோவில் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைக்கிறீர்களா? நல்லது. சிற்றிக்கு, அதாவது நகரசபைக்கு, பெர்மிற் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தில் கைவைக்கும் முன் ஓர் இனத்தைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டும். "ஆள் வைத்திருப்பவர்" என்பது அந்த இனத்தின் பெயர். அவரைத் தேடிப் போகத் தேவையில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் "பெர்மிற்" என்று வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள், மண்டபத்தின் மறுகோடியிலிருந்து றோல்ஸ் தட்டோடு எழுந்து வந்து, உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வலமும் இடமும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உதுக்கே யோசிக்கிறியள்? சிற்றியில எனக்கு ஒரு ஆள் இருக்கு" என்பார்.

குரலைத் தாழ்த்துவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அந்த ஆளின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டார். என்ன வேலை? "மேலிடம்." ஏன் போன் எடுக்கிறாரில்லை? "மீற்றிங்கில நிப்பான்." ஊரில் அரசாங்கக் கச்சேரியில் ஒரு கையெழுத்துக்கு நாலு பேரைப் பிடித்துப் பழகிய நமக்கு, ஒருவரையும் பிடிக்காமல் ஒரு காரியம் நடந்துவிட்டால் அதில் ஏதோ பிழை இருப்பதாகத்தானே படுகிறது?

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குத் தலைமகன் இக்னேசியஸ் அண்ணை. என் எதிர்வீட்டு ஷாமிலாவின் தாய் றோசலின் அன்ரி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். அன்ரிக்கு இனிப் படி ஏற ஏலாது. ஆகவே கீழே, பின்பக்கமாக, ஓர் அறையும் குளியலறையும் கட்டவேண்டும். கட்டுகிறவர் முதலே சொல்லிவிட்டார்: "நிலம் உறைய முதல் அத்திவாரம் வெட்டவேணும். உறைஞ்சால் இனி ஏப்ரல்தான்." செப்ரெம்பர் கடைசியில் ஷாமிலா கணினியில் இருந்து தானே விண்ணப்பத்தை அனுப்பினாள். தானே! ஒருவரையும் கேட்காமல்! மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஒரு தாளில் வரைபடம் கீறியவரின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது, அதை அனுப்புங்கள். அவ்வளவுதான்.

அதை அவள் இக்னேசியஸ் அண்ணைக்குக் காட்டினாள்.

"பிள்ளை, உதுக்குப் பதில் கிதில் போட்டிடாதை" என்றார் அண்ணை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"ஏன் அண்ணை? ஒரு சைன்தானே கேக்கினம்?"

"உனக்கு உவங்களைத் தெரியாது. பதில் போட்டால் பைல் திரும்பக் கடைசிக்குப் போயிடும். நான் ஆளிட்டச் சொல்லிப்போட்டன். நீ பேசாமல் இரு."

அவள் பேசாமல் இருந்தாள். முதற்கிழமை ஆள் லீவில். அடுத்த கிழமை ஆளின் மாமியார் மோசம் போய்ச் செத்தவீடு. அதற்கடுத்த கிழமை "பைல் நகருது பிள்ளை", அதற்கும் அடுத்த கிழமை "இண்டைக்கோ நாளைக்கோ" என்று அண்ணை வாசலுக்கு வாசல் செய்தி வாசித்துக்கொண்டு திரிய, கட்டுகிறவர் மூன்று தரம் போன் எடுத்துக் கத்த, அன்ரியை வீட்டுக்கு அனுப்ப ஆஸ்பத்திரி நாளும் குறிக்க, பைலோ அந்த ஒரேயொரு கையெழுத்துக்காகக் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

எட்டுக் கிழமை கழிந்தபின் ஷாமிலா பொறுமை இழந்து, அண்ணையிடம் ஆளின் நம்பரைக் கேட்டே வாங்கி அழைத்தாள். எடுத்தவர் பெயர் மாக்கஸ். தங்கமான மனிதர். மிசிசாகா நகரசபையின் ஸ்கேற்றிங் அரங்கில் ஐஸைச் சீவி மினுக்கும் வண்டி ஓட்டுகிறார்.

"அக்கா, நான் மிசிசாகா. உங்கட வீடு ரொறன்ரோவெல்லே? அது வேற சிற்றி."

"அப்ப ஏன் அண்ணைக்கு ஓம் எண்டனீங்கள்?"

"வயசுபோன மனுசன் ஆசையாக் கேக்கேக்க எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்ற மாக்கஸ், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, அவையின்ர ஈமெயிலுக்குப் பதில் போட்டனீங்களோ?"

கையெழுத்து வாங்கி அனுப்ப ஐந்து நிமிடம் பிடித்தது. ஒன்பதாம் நாள் பெர்மிற் வந்தது. அதற்குள் நிலமும் உறைந்தது. கட்டுகிறவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

றோசலின் அன்ரி இப்போது சாப்பாட்டு அறையில், ஒரு திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறார். கட்டிலோடு ஒட்டி, மலசலம் கழிக்க ஓட்டை போட்ட கதிரை ஒன்று. யாராவது வந்தால் அவசர அவசரமாக அதன்மேல் ஒரு துவாயை விரித்து மூடுவார். ஐம்பது வருடம் வீட்டை மணக்க மணக்க வைத்திருந்த மனுசி.

போன ஞாயிறு பூசை முடிந்து இக்னேசியஸ் அண்ணை வந்தார். முன் யன்னலில் ஒட்டியிருந்த பெர்மிற்றைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியோ பிள்ளை! எங்கட ஆள் வெட்டி விழுத்திப்போட்டான்!"

திரைக்குப் பின்னாலிருந்து அன்ரியின் குரல் வந்தது: "நீங்கள் பட்ட பாட்டுக்குக் கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும் தம்பி."

ஷாமிலா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அண்ணை அதை ஊதிக் குடித்து, வலமும் இடமும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "ஏப்ரலில இன்ஸ்பெக்ரர் வருவான். பயப்பிடாதை. அதுக்கும் ஒரு ஆள் இருக்கு."

எதிர்வீட்டில் இருந்துகொண்டு நீ என்ன கிழித்தாய் என்று என்னைக் கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். என் கார் நிறுத்தும் இடத்தை அகலமாக்குவது பற்றி அதே ஆளிடம் ஒரு வார்த்தை போடும்படி நானும் அண்ணையைக் கேட்டிருந்தேன். அந்த நேரத்தில் அவரோடு முரண்படலாமா?

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோசம். ஆனால் ஷாமிலாவுக்கு அந்த மின்னஞ்சல் வந்த இடத்தை வாசிக்கும்போது, "அடடா, என்னட்டச் சொல்லியிருந்தால் இன்னாரிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பனே" என்று உங்கள் மனதில் ஒரு பெயர் வந்து போனதே, அது யாருடைய பெயர்?